ஒன்பதாவதோடு நிறுத்திவிட வேண்டுமா?

(இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்.)



இந்த மாதப் பாடத்தை ஒரு கதையோடு ஆரம்பிப்போம். ஊர் பேர், ஆள் பேர் எதுவும் வேண்டாம். எந்தக் குழுவிலும் நடக்கக்கூடிய கதைதான்.

அன்று குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்தது. ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கி, “அக்கா, எனக்கு ஐயாயிரம் கடன் வேணும்” என்றார்.

“எதுக்கும்மா?” என்று கேட்டார் ஊக்குநர்.

“பொண்ணை டியூஷனுக்கு அனுப்பணும். ஒன்பதாவது படிக்கிறா. ரெண்டு வருசமா அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன், படிப்பு ஏறல. இந்த வருசமும் இப்படியே இருந்தா மில்லு வேலைக்கு அனுப்பிடலாம்னு அவங்கப்பா சொல்றாரு.”

“வீட்டுல எப்படி இருப்பா?”

“அதுதாங்க்கா புரியல. கடைக் கணக்கை வாயாலேயே டக்குனு சொல்லுவா. யாராவது பாடத்தை வாசிச்சுக் காட்டினா அப்படியே திருப்பிச் சொல்லுவா. எழுதச் சொன்னாத்தான் வராது. கொம்பும் காலும் மாறிப் போகும். வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவா. எல்லாரும் சோம்பேறிங்கறாங்க. நானும் நாலு அடி போட்டிருக்கேன்.”

சொல்லும்போதே அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கடனைப் பத்தி அப்புறம் பேசலாம். இந்தப் பிள்ளைக்கு டியூஷன் வேணுமா, வேற உதவி வேணுமான்னு முதல்ல பார்ப்போம்” என்றார் ஊக்குநர்.

இது சோம்பேறித்தனமா?

ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்கினால் முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியாமலும், டீச்சர் சொல்வது சரியாகக் கேட்காமலும் பல வருசம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

கண்ணும் காதும் நன்றாக இருந்து, புத்தியும் நன்றாக இருந்து, வாசிப்பதும் எழுதுவதும் கணக்குப் போடுவதும் மட்டும் விடாமல் சிரமமாக இருந்தால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். இதில் ஒரு வகையைத்தான் டிஸ்லெக்சியா என்கிறார்கள். எழுத்தை மூளை புரிந்துகொள்ளும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது. அடித்தால் சரியாகாது. அதே பாடத்தை டியூஷனில் அதே மாதிரி இன்னொரு தரம் நடத்தினாலும் சரியாகாது. சொல்லித்தரும் முறையே மாற வேண்டும்.

மெதுவாகப் படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இந்தக் குறைபாடு என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரும் உளவியல் நிபுணரும் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

எட்டாவதோடு உதவி முடிந்துவிடுமா?

முடியாது. இதைத்தான் நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதனால் எட்டாவதுக்கு மேல் ஒன்றும் கிடைக்காது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வை, கேட்கும் திறன், கை கால் இயக்கம், மனவளர்ச்சி ஆகியவற்றோடு கற்றல் குறைபாடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

2018-இல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் (சமக்ர சிக்ஷா) பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். அதில் உள்ள உதவிகள்:

• வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் மூலம் பயிற்சி
• கை கால் இயக்கத்துக்கு இயன்முறை சிகிச்சை
• காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, பிரெய்ல் புத்தகம், பெரிய எழுத்துப் புத்தகம்
• தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளிக்குப் போய்வரவும், துணைக்கு வருபவருக்கும் உதவித்தொகை
• சிறப்புத் தேவையுள்ள பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய், வருசத்தில் 10 மாதம்
• படுத்த படுக்கையாக உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி

பொதுத் தேர்வில் என்ன சலுகை?

பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத் தேர்வில், குறைபாட்டின் வகையைப் பொறுத்து இந்தச் சலுகைகள் உண்டு:

• 3 மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 1 மணி நேரம்
• பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க ஓர் ஆள் (‘சொல்வதை எழுதுபவர்’ என்பார்கள்)
• சில வகைக் குறைபாடுகளுக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு
• தரைத்தளத்தில் தேர்வறை

இது பிச்சை அல்ல, காப்பியும் அல்ல. பதில் பிள்ளையின் மண்டையில்தான் இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவர வழி செய்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. கேட்காமல் கிடைக்காது. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் நேரம் போதாது. அதனால் ஒன்பதாவதிலேயே வேலையைத் தொடங்குங்கள். கற்றல் குறைபாட்டுக்குச் சின்ன வயதில் வாங்கிய சான்று கையில் இருந்தாலும், 14 வயது வாக்கில் மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும்.

படிப்படியாக என்ன செய்வது?

1. வகுப்பாசிரியரைப் பாருங்கள். “மார்க்கு குறைஞ்சிருக்கு” என்று மட்டும் சொல்லாதீர்கள். எதில் சிரமம், எதில் கெட்டி என்று விவரமாகச் சொல்லுங்கள்.
2. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். மருத்துவ முகாம் எப்போது என்று கேளுங்கள்.
3. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் வாங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். கல்வி உதவித்தொகையையும் அங்கேயே விசாரிக்கலாம்.
4. எந்த மனு கொடுத்தாலும் நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.
5. வழி தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

குழு டியூஷனுக்குக் கடன் கொடுக்கவில்லை. பஸ் செலவுக்குச் சின்னத் தொகை கொடுத்து, கூடவே ஓர் உறுப்பினரையும் அனுப்பியது. ஒரே நாளில் வேலை முடியவில்லை. ஒரு தரம் டாக்டர் லீவு, இன்னொரு தரம் ஒரு காகிதம் குறை. மூன்று நாள் கூலி போனது. “விட்டுடலாம்க்கா” என்று அந்த அம்மா சொன்னபோது, கூட வந்தவர் விடவில்லை. நாலாவது நடையில் சான்று கைக்கு வந்தது.

அந்தப் பெண் இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். முதல் மார்க்கு வாங்கவில்லை. ஆனால் மில்லுக்குப் போகவில்லை, பத்தாவது வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். சான்று வந்த அன்று ராத்திரி அந்த அம்மா மகளிடம், “உன்ன அடிச்சது என் தப்புடி” என்று சொன்னாராம். அவள் படிக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் எட்டாவது, ஒன்பதாவதில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார் யார்? ஏன் நின்றார்கள் என்று யாராவது கேட்டோமா?
2. வீட்டுக்குள்ளேயே இருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் உண்டா? 18 வயதுக்குள் எத்தனை பேர்?
3. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்று 2009 சட்டம் சொல்கிறது. நம் பள்ளிக் குழுவில் நம்மில் யார் இருக்கிறார்கள்? இந்தப் பிள்ளைகளைப் பற்றி அங்கே பேசினோமா?
4. முதல் நடைக்கு அந்த அம்மாவோடு யார் போவது?

நாலாவது கேள்விக்கு ஒரு பேரைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.