கைப்பேசியும் குழந்தைகளின் காவலும்

கரிசல் பூமியில் குழந்தைகளுக்கு நேர்ந்த தீங்கு என்றவுடன் முதியோருக்கு நினைவில் எழுவது தீப்பெட்டித் தொழிலே. விடியுமுன் ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற கம்பெனி வண்டிகளைக் கண்டவர்கள் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் இன்றும் உளர். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதோரைத் தீப்பெட்டித் தயாரிப்பில் அமர்த்துவதைத் தடை செய்தது. பத்தாண்டு கழித்து, சிவகாசிக் குழந்தைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையை ஏன் அனுப்பினாய் என்று தாயைக் கேட்பதோடு நில்லாமல், ஆதாயம் அடைந்தவரைப் பொறுப்பாளி ஆக்கியதே அத்தீர்ப்பின் சிறப்பு எனலாம்.

இன்றோ வேறொரு தீங்கு வாசல் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. 2020-இல் பள்ளிகள் மூடியபோது பாடத்திற்கென்று வாங்கிய கைப்பேசி பல வீடுகளில் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. அதன் வழியே முகமறியாத ஒருவன் நண்பனாகிறான், படம் கேட்கிறான், கிடைத்த படத்தைக் காட்டி மிரட்டி மேலும் கேட்கிறான். தீப்பெட்டி ஆபீசுக்காவது ஒரு வாசல் இருந்தது, அதிகாரி போய்ப் பார்க்க முடிந்தது. இதற்கு வாசல் எங்கே?

சென்னை அம்பத்தூரில் 2020-இல் பதிவான வழக்கு ஒன்று இங்கு நோக்கத்தக்கது. குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளாகும் காட்சிகளை ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. தனியே இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, வழக்கு தொடர வேண்டும் என்றது. அத்தகைய காட்சியை அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருப்பின், பிறருக்கு அனுப்பும் நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்து ஊகிக்கலாம் என்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்கு அது தந்த விளக்கம். 'குழந்தை ஆபாசம்' என்ற பொருள்படும் சொல்லை நீதிமன்றங்கள் விலக்கி, 'பாலியல் சுரண்டலும் கொடுமையும்' என்றே குறிக்க வேண்டுமெனவும் கூறியது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஆபாசம் என்றால் பார்ப்பவன் நினைவுதான் வரும்; கொடுமை என்றால்தான் அங்கே ஒரு குழந்தை இருப்பது தெரியும்.

இவ்வழக்கில் துப்பு வந்த வழி அறிவியல் மாணவர்க்குச் சுவையானது. அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டு இணைய நிறுவனங்கள் தாம் கண்டறியும் இத்தகைய காட்சிகளைக் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இந்தியா தொடர்பான தகவல்கள் நம் தேசியக் குற்றப் பதிவு ஆணையத்திற்கு வருகின்றன.

எப்படிக் கண்டறிகிறார்கள்? 2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் உருவாக்கிய 'ஃபோட்டோ டி.என்.ஏ.' என்னும் முறை ஒரு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டங்களாகப் பிரித்து, ஒளியின் ஏற்ற இறக்கத்தை எண்களாக்குகிறது. விரல் ரேகை போன்ற அவ்வெண் வரிசையை, முன்பே பிடிபட்ட படங்களின் வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். படத்தின் அளவைச் சற்று மாற்றினாலும் தப்பாது. ஆனால் பட்டியலில் இல்லாத புதுப் படத்தை இது அறியாது. அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டிட்ட செய்திக்குள்ளும் நிறுவனத்தின் கணினியால் நுழைய முடியாது.

வெளிநாட்டு மையத்திற்கு அறிவித்துவிட்டால் தம் கடமை முடிந்ததென்று நிறுவனங்கள் இருக்க இயலாது, போக்சோ சட்டப்படி இந்தியக் காவல்துறைக்கும் உடனே அறிவித்தால்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. இதனை ஏட்டளவில் விடாமல், அறிவிக்கத் தவறும் நிறுவனத்திற்கு வலிக்கும்படியான தண்டம் விதித்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து. கோடிக்கணக்கில் ஈட்டுவோர்க்கு இது பெரும் பாரமன்று.

நம் ஊர்ப்பக்கம் இன்னொரு தடையும் உண்டு. மிரட்டலுக்கு ஆளான பெண் அதை வீட்டில் சொன்னால், முதலில் பிடுங்கப்படுவது கைப்பேசி, அடுத்து நிறுத்தப்படுவது அவள் படிப்பு. அதற்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும். ஆகவே பெற்றோர் அறிய வேண்டியவை சில. 1098 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலே இத்தகைய காட்சிகள் பற்றி முறையிடலாம். குழந்தை யாரென்று பத்திரிகைகள் வெளியிடுதல் குற்றம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அக்குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும். அப்போது அவர் காக்கி உடையில் வரக்கூடாது.