விசா நாட்கள் போதாவிட்டால்

2025 ஜூலையில் இந்தியா சீனர்களுக்குச் சுற்றுலா விசாவை மீண்டும் வழங்கத் தொடங்கியது. சரக்குப் பார்க்கச் சீனாவுக்குப் புறப்படும் வணிகர்கள் விசாத் தாளில் இரண்டு கணக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் நுழையலாம் என்பது ஒன்று. நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. முன்னது மூன்று மாதமாக இருந்தாலும் பின்னது 30 நாளாகவே இருக்கக்கூடும். குவாங்சோ கண்காட்சியின் மூன்று கட்டங்களுக்கே மூன்று வாரம் ஓடிவிடும். பிறகு ஈவு சந்தைக்கு நாள் ஏது?

"ஹாங்காங் போய்த் திரும்பினால் புதுக் கணக்கு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒரே முறை நுழையும் விசா, ஹாங்காங் எல்லையைத் தாண்டியதுமே தீர்ந்துபோகும். முன்பணம் கட்டிய சரக்கு அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம்!

நாள் நீட்டிக்க, கெடு முடிய 7 நாள் முன்னதாகவே அவ்வூர்க் காவல்துறையின் குடிவரவு அலுவலகத்தில் காரணம் காட்டி மனுச் செய்ய வேண்டும். தருவார்கள் என்ற உறுதியில்லை. தந்தாலும் முதலில் கொடுத்த நாட்களின் அளவுக்கு மேல் நீட்ட மாட்டார்கள். அனுமதியின்றித் தங்கினால் நாளுக்கு 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். 5 முதல் 15 நாள் காவலிலும் வைக்கலாம்.

கொள்முதலே நோக்கம் என்றால் சுற்றுலாவுக்கான 'எல்' விசா பொருந்தாது. விற்பனையாளரிடம் அழைப்புக் கடிதம் பெற்று, வணிகத்துக்கான 'எம்' விசாவை இரு நுழைவுடன், தேவையான நாட்களைக் குறிப்பிட்டு இங்கேயே கேட்டு வாங்குங்கள்.