மழைக்கு முன் லாரி ஒயரிங்கைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தமிழகத்தில் தொடங்கும். அதற்குள், லோடுக்காக வண்டி காத்து நிற்கும் ஒரு நாளை ஒயரிங்குக்கு ஒதுக்கிவிடுங்கள். டயர், பிரேக், தார்ப்பாய் இவற்றை மழைக்கு முன் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடுவது மட்டும் வண்டி வழியில் நின்ற பிறகுதான். மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் மணிக்கணக்கில் சேர்ந்து ஓடும். கோடையில் வெளியே தெரியாத கோளாறு அப்போது தலைகாட்டும்.

செல்ஃப் இழுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்கப் போகாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று கேபினில் இருக்கட்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்து 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி தளர்ந்துவிட்டது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது 27.5 முதல் 28.8 வரை இருப்பது நல்லது. 26-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டின் இறுக்கத்தையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 29.5-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறதா? எர்த்தைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் துரு அல்லது தளர்ச்சி இருக்கிறது. கழற்றி, சேசிஸில் அது உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தைச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவலாம். அது செல்லுக்குள் போகாமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது வெடிக்கும்.

பேட்டரியை அகாலத்தில் கொல்லும் வழக்கம் ஒன்று நம் வண்டிகளில் ஊறிப்போயிருக்கிறது. பாட்டு செட்டுக்கும் மொபைல் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்த பேட்டரி எப்போதும் அரை வயிற்றில் கிடக்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாக எண்ணி 28 வோல்ட் கொடுக்கிறது. குறையும் பங்கு மற்றதன் தலையில் ஏறி, அது தண்ணீர் வற்றிப் போகும். ஆக இரண்டுமே கெடும். 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், ஒரு பேட்டரியின் விலையோடு பார்த்தால் அது சிறு செலவு. மாற்றும் நிலை வந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுவோம், கழுவத்தான் வேண்டும். ஆனால் ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, சென்சார் கனெக்டர் இவற்றின் மீது பிரஷர் தண்ணீரை நேராக அடிக்காதீர்கள். சீரியல் லைட்டுக்காக ஒயரைக் குத்தி எடுத்த இடங்கள் மழையில் பச்சை பிடித்து அறுந்துபோகும். பூஜை முடிந்ததும் அவற்றைப் பிரித்து ஒழுங்காக மூடிவிடுங்கள். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும்; அங்கே கம்பி சுற்றினால் பியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. வோல்ட்டேஜ் குறைந்தாலே கன்ட்ரோல் யூனிட் தவறான எர்ரர் காட்டலாம். விலை அதிகமுள்ள நாக்ஸ் சென்சாரை மாற்றச் சொன்னால், முதலில் பேட்டரியையும் எர்த்தையும் கனெக்டரையும் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். இன்ஜின் நிறுத்திய கையோடு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணைக்காதீர்கள். குழாயிலிருக்கும் ஆட்புளூ டேங்குக்குத் திரும்ப நேரம் வேண்டும், எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். பாடியில் வெல்டிங் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கன்ட்ரோல் யூனிட் கனெக்டர்களையும் உருவிய பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பின்பக்க விளக்குகள். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறதா? பல்பு சரிதான், அங்கே எர்த் இல்லை. மழை இரவில் பின்னால் வருபவருக்கு உங்கள் லாரி இருப்பதே அந்தச் சிவப்பு வெளிச்சத்தால்தான் தெரியும். ஒவ்வொரு நாள் மாலையும் கிளப்புவதற்கு முன் ஒருவர் பிரேக் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பாருங்கள். கூட ஆள் இல்லையென்றால் சுவரோரம் வண்டியை நிறுத்தி, வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். எரியவில்லை என்றால், சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.