குடிமக்கள் அல்லாதோரின் பேச்சுரிமையும் நாடுகடத்தலும்: கீரிப்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தோவாளை வட்டத்தின் மலையடிவாரத்தில் உள்ள கீரிப்பாறையின் ரப்பர் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களுள் பல, 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களின் வழியில் வந்தவை. அவர்களுக்கு வாழ்வாதாரம் அளிக்கும் நோக்கமும் கொண்டு வளர்க்கப்பட்ட இத்தோட்டங்கள் 1984 முதல் அரசு ரப்பர் கழகம் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் பொறுப்பில் இருந்து வருகின்றன. இத்தகைய குடும்பங்களின் உறவு வட்டத்தில் இந்தியக் குடிமக்களும், பழவிளை, பெருமாள்புரம் போன்ற மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோரும், இலங்கைக் கடவுச்சீட்டில் விசா பெற்று வந்து செல்வோரும், கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளின் குடியுரிமை பெற்றோரும் கலந்திருப்பது இயல்பு. ஊதிய உயர்வு கேட்கும் வேலைநிறுத்தத்திலோ இலங்கைத் தமிழர் நிலை குறித்த கண்டனக் கூட்டத்திலோ இவர்கள் அனைவரும் ஒரே முழக்கத்தை எழுப்பினாலும், சட்டம் அவர்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அந்த வேறுபாட்டை அறிந்து முன்கூட்டியே ஆயத்தமாவதற்கான வழிமுறைகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

முதலில் செய்ய வேண்டியது: யார் குடிமகன் என்பதைத் தாள்களைக் கொண்டு உறுதி செய்தல்

தாயகம் திரும்பியோர் என்று அரசு ஆவணங்கள் குறிப்பிடும், ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் இந்தியக் குடியுரிமை பெற்றே கப்பலேறினர். ஆதலால் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் முழுமையான குடிமக்கள். அவர்களை எந்த அரசும் நாடுகடத்த முடியாது. “சிலோன்காரர்” என்ற அடைமொழி அரை நூற்றாண்டு கடந்தும் ஒட்டிக்கொண்டிருப்பதால், போராட்டத்தில் முன்னே நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இவர்களிடையே எழலாம். அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் எள்ளளவும் இடமில்லை என்பதை வீட்டு முதியவர்களுக்கும் இளையோருக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனினும், ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற ஐயம் எழும்போது அதை மறுத்து நிறுவும் சுமை அந்த நபரின்மீதே விழும் என்ற விதி 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. எனவே பழைய கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோர்க்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டை, கழகத்தின் பணிப் பதிவுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்களை வீட்டில் ஒன்றும் வெளியூர் உறவினரிடம் ஒன்றுமாக வைத்திருப்பது தேவை.

முகாமில் பிறந்தவர்கள் பிறந்த நாளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதன் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாக நுழைந்தவராகவும் இருத்தல் கூடாது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த விதியின் அடிப்படையில் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முகாமில் வாழ்வதாலேயே ஒருவர் அயலவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது: சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதை அறிதல்

அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் உறுப்பு, பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றை “குடிமக்கள் அனைவருக்கும்” என்று வரையறுத்தே தருகிறது. குடிமக்களுக்கும் அது எல்லையற்றதன்று: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடனான நட்புறவு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலிய காரணங்களால் நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கப்படலாம், இறையாண்மை, ஒருமைப்பாடு என்னும் காரணம், திராவிட நாடு கோரிக்கை ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், 1963-இல் 16-ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-ஆம் உறுப்பும், உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் 21-ஆம் உறுப்பும், கைதின் காரணத்தை அறியவும் வழக்கறிஞரை அணுகவும் வகை செய்யும் 22-ஆம் உறுப்பும் “நபர்” என்ற சொல்லையே ஆள்கின்றன. அவை குடிமகன் அல்லாதவருக்கும் உரியவை. இந்த வழிகாட்டியின் அடித்தளம் இதுதான்: அயலவருக்குப் பேசும் உரிமை உறுதியாக இல்லை, ஆனால் நியாயமான நடைமுறை வேண்டும் உரிமை உறுதியாக உண்டு.

நாடுகடத்தல் என்பது குற்றத்துக்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை அன்று. ஒருவர் நாட்டில் தங்கியிருப்பதை விரும்பவில்லை என்று நிர்வாகம் எடுக்கும் முடிவு. வெளியேற்றும் அதிகாரம் வரம்பற்றது என்று உச்ச நீதிமன்றம் 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் கூறியது. இந்தியாவில் தங்கும் உரிமை அயலவருக்கு இல்லை என்று 1991-இல் லூயி டி ராட் வழக்கில் மீண்டும் கூறியது. பன்னாட்டு உடன்படிக்கையும் இங்கே அதிகம் உதவுவதில்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 13-ஆம் உறுப்பு, வெளியேற்றப்படுபவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்கிறது, ஆனால் 1979-இல் அதில் இணைந்த இந்தியா, அந்த உறுப்பைப் பொறுத்தவரை வெளிநாட்டவர் குறித்த தன் சட்டத்தையே செயல்படுத்தும் உரிமையைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டது.

இதன் நடைமுறைப் பொருளைத் தமிழ்நாடு நேரில் கண்டிருக்கிறது. இலங்கை அரசுக்கும் தமிழர் அமைப்புகளுக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த 1985 ஆகஸ்டில், சென்னையில் இருந்த இலங்கைத் தமிழ்ப் பிரமுகர்களான அன்ரன் பாலசிங்கம், எஸ். சி. சந்திரஹாசன், ந. சத்தியேந்திரா ஆகிய மூவரையும் வெளியேற்ற நடுவணரசு உத்தரவிட்டது. நியூயார்க்குக்கு விமானத்தில் அனுப்பப்பட்ட சந்திரஹாசன் அங்கே நுழையாமல் அதே வழியில் இந்தியாவுக்குத் திரும்பினார். தமிழ்நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் உத்தரவுகள் கைவிடப்பட்டன. அந்த மாற்றத்தைக் கொணர்ந்தது நீதிமன்றம் அன்று, வீதிக்கு வந்த குடிமக்களின் குரல். 2012 பிப்ரவரி இறுதியில் நாகர்கோவில் விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவர், கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்துக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அக்குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் ஆராயப்படுவதற்கு முன்பே நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்பில் பங்கேற்ற சென்னை ஐஐடியின் ஜெர்மானிய மாணவர், வெளியேறுமாறு வாய்மொழியாகவே கூறப்பட்டதாகத் தெரிவித்துவிட்டு அன்றிரவே நாடு திரும்பினார். இவ்விரு நிகழ்வுகளிலும் வழக்குத் தொடுக்கும் கால இடைவெளியே கிடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பயின்ற போலந்து மாணவருக்கு அளிக்கப்பட்ட வெளியேற்ற அறிவிப்பைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. அரசியல் கருத்துக் கொள்வதும் வெளிப்படுத்துவதும் 21-ஆம் உறுப்பு காக்கும் வாழ்வோடு பிணைந்தவை என்ற கோணத்தில் அத்தீர்ப்பு சிந்தித்தது. நீண்டகாலம் முறையாகத் தங்கியிருக்கும் அயலவருக்கு வெளியேற்றத்தின் காரணத்தைத் தெரிவித்து விளக்கம் கேட்பதே இயல்பான முறை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஹசன் அலி ரைஹானி வழக்கில் கூறியிருக்கிறது. இவ்விரண்டு தீர்ப்புகளையும் அவற்றின் ஆண்டையும் வழக்கறிஞரிடம் சொல்லும் அளவுக்கேனும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: அயல்நாட்டு உறவினர் வரும்போது கடைப்பிடிக்க வேண்டியவை

வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைப்போர், “சி படிவம்” என்று வழங்கிவரும் தகவலை 24 மணி நேரத்துக்குள் இணையவழி அளிக்க வேண்டும். இக்கடமை விடுதிகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது பரவலான தவறு. மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டவர் பதிவு அலுவலர் ஆவார். கருத்தைக் குற்றமாகக் காட்ட இயலாத இடத்தில் விசா நிபந்தனை மீறல் என்பதே பெரும்பாலும் காரணமாகக் காட்டப்படுவதால், சிறிய படிவம் ஒன்றை விட்டுவிடுவதும் பின்னர் பெரிய ஆயுதமாக மாறக்கூடும்.

சுற்றுலா விசாவில் வந்தவர் கூட்ட மேடையில் ஏறுவதையும், முழக்கப் பலகை ஏந்துவதையும், போராட்டக் களத்தின் படங்களைத் தம் பெயரில் சமூக ஊடகத்தில் இடுவதையும் தவிர்ப்பது நல்லது. கூட்டம் நடத்தும் சங்கமும் அவரைப் பேச அழைக்காமலிருப்பதே அவருக்குச் செய்யும் நன்மை. பணம் இன்னும் நுட்பமானது. வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட உறவினர் குடும்பச் செலவுக்குத் தருவது வேறு, சங்கத்தின் போராட்ட நிதிக்குத் தருவது வேறு. பின்னதைப் பதிவோ முன் அனுமதியோ இன்றிப் பெறுவது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றமாகலாம். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு வழங்கப்படும் ஓசிஐ அட்டை வைத்திருப்போரும் குடிமக்கள் அல்லர்: இதழியல், ஆய்வு போன்றவற்றுக்கு அவர்கள் தனி அனுமதி பெற வேண்டும், அரசமைப்புச் சட்டத்தின்மீது பற்றின்மை காட்டினார் என்ற காரணத்தாலும் அட்டை ரத்தாகலாம். ஆயினும் ரத்து செய்வதற்கு முன் விளக்கம் கேட்டாக வேண்டும். சுவீடனில் பணியாற்றும் பேராசிரியர் அசோக் ஸ்வைனின் அட்டையை ரத்து செய்த உத்தரவை, காரணம் கூறப்படவில்லை என்பதற்காக, டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் ரத்து செய்தது.

முகாம்வாசிகளின் நிலை மேலும் பலவீனமானது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025-ஆம் ஆண்டு ஆணையால் விலக்குப் பெற்றுள்ளனர். அது குடியுரிமை ஆகாது. வெளியேற்ற உத்தரவு இல்லாமலே, திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள “சிறப்பு முகாம்” என்னும் தடுப்பிடத்துக்கு மாற்றும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருப்பதால், பதிவு அட்டையைப் புதுப்பித்து வைப்பதும் வெளியூர் செல்லும்போது அனுமதி பெறுவதும் கட்டாயம்.

நான்காவது: அறிவிப்போ அழைப்போ வந்தால்

வாய்மொழியாக வெளியேறச் சொன்னால், எழுத்தில் உத்தரவு தருமாறு பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டும். எழுத்தில் இல்லாத ஒன்றை நீதிமன்றத்தில் எதிர்ப்பது மிகக் கடினம். உத்தரவைப் பெற்ற நாளையும் நேரத்தையும் அதன் நகலிலேயே குறித்துக்கொண்டு, அதைப் படமெடுத்து வெளியிலுள்ள இருவருக்கேனும் உடனே அனுப்பிவிட வேண்டும். தெரியாத மொழியிலுள்ள தாளிலும், “நானே விரும்பிச் செல்கிறேன்” என்று பொருள்படும் தாளிலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது, ஏனெனில் விருப்பத்தின்பேரில் சென்றவருக்கு உத்தரவை எதிர்க்கும் வாய்ப்புப் பின்னர் பெரிதும் குறைந்துவிடும். தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கோரும் உரிமை 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் உறுப்பில் உள்ளது. ஆனால் தம் நாட்டரசையே அஞ்சி வந்த அகதி, தூதரகத்தை நாடுவதற்கு முன் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தையோ, சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையோ கலந்தாலோசிப்பது பாதுகாப்பானது.

உத்தரவு கிடைத்த அதே நாளில், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் உறுப்பின்கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும். அம்மனுவில் உத்தரவை ரத்து செய்யும் வேண்டுதலோடு, இறுதித் தீர்ப்பு வரை அதைச் செயல்படுத்தாதிருக்க இடைக்காலத் தடையும் கோர வேண்டும். ஆள் ஏற்கெனவே பிடித்துச் செல்லப்பட்டு இருப்பிடம் தெரியவில்லையெனில் ஆட்கொணர்வு மனுவே உரிய வழி. அதை உறவினரோ நண்பரோ எவரும் தொடுக்கலாம். மனுவில் பேச்சுரிமையை முதன்மை வாதமாக வைப்பது 19-ஆம் உறுப்பின் சொற்களில் மோதி நின்றுவிடும் ஆபத்துடையது. காரணம் கூறப்படவில்லை, விளக்கம் கேட்கப்படவில்லை, அவகாசம் தரப்படவில்லை, திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்னும் வாதங்களை 14, 21-ஆம் உறுப்புகளின் மேல் கட்டுவதே வலுவானது. குற்றத் தண்டனை பெற்றவர்களுக்கு இவையும் போதாமல் போகலாம்; சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் வெளியேற்றத்தில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மறுத்துவிட்டது.

வெளிநாட்டில் பயிலும் பிள்ளைகளுக்கு

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் குடிமகன் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. எனினும் நிரந்தர வசிப்புரிமை பெற்றிருந்த கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் மஹ்மூத் கலீல், பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களுக்காக 2025 மார்ச் 8 அன்று பிடிக்கப்பட்டு மூன்று மாதங்களுக்கு மேல் தடுப்பில் இருந்தார். ஆகவே உரிமை தாளில் இருக்கும் நாட்டிலும் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

கடைசியாக: உதவியும் தோழமையும்

வழக்குச் செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்கள், காவலில் உள்ளோர், இன வன்முறையால் பாதிக்கப்பட்டோர், தொழிலாளர் முதலியோருக்கு இலவச வழக்கறிஞரை வழங்குகிறது. குடிமகனாக இருக்க வேண்டும் என்று அப்பிரிவு நிபந்தனை விதிக்கவில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையோ அணுகலாம். அயலவரான உறவினர் வாய்மூடி இருக்க நேரும் கூட்டத்தில், 19-ஆம் உறுப்பின் முழுப் பாதுகாப்பும் பெற்ற கீரிப்பாறைத் தொழிலாளர்கள் அவருக்காகவும் சேர்த்துப் பேச வேண்டும். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்துவதற்காக எவரும் அவர்களைக் கப்பலேற்ற முடியாது.