பழைய வீடியோ நாடாக்களைக் காப்போம்

1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். வீடியோ நாடாக்கள் இன்றும் பலர் வீட்டு அலமாரிகளில் உள்ளன. பெற்றோரின் திருமணமும் மறைந்த தாத்தாவின் குரலும் அவற்றில் பதிவாகியிருக்கலாம். நம் நாட்டின் ஈரக்காற்றில் அவற்றின்மீது பூஞ்சை எளிதில் படரும். நாடாச் சுருளில் தெரியும் வெள்ளைப் படலமே அதன் அடையாளம்.

அத்தகைய நாடாவை உடனே இயக்கிப் பார்க்கக் கூடாது. ஒட்டிக்கொண்ட நாடா அறுந்துவிடலாம். இயந்திரத்தில் பரவும் பூஞ்சை அடுத்த நாடாவையும் கெடுத்துவிடும்.

முதலில், அதைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் வற்றினால் பூஞ்சை பொடியாகும். பின்னர், பெரியவர் ஒருவரின் துணையுடன் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், நூல் உதிராத மென்துணியால் நாடாவை மெதுவாகத் துடைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தால் நாடா வளைந்துவிடும்.

துடைத்தவுடன் காட்சிகளை மின்னிலக்கக் கோப்பாக மாற்றிச் சேமிப்போம். நாடா அழிந்தால், தாத்தாவின் குரலை மீண்டும் பதிவுசெய்ய முடியாதல்லவா?