ஃப்ரெண்ட்ஸோட டூர்: பட்ஜெட்டை யாரை வச்சுப் போடணும்?

ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் டூர் பிளான் போடுறீங்க. ஒருத்தர் மால்டா பக்கத்துல இருக்கிற கோசோ தீவைச் சொல்றார். அமைதியான இடம்தான். ஆளுக்கு 1,50,000 ரூபாய்னு வச்சுக்குவோம். எல்லாரும் ‘ஓகே’ போடுறாங்க. குறைவான சம்பளம் வாங்குறவரும் கூச்சத்துல ‘ஓகே’ போட்டுட்டு, பர்சனல் லோன் எடுக்கிறார்.

கணக்கைப் பாருங்க. 16% வட்டி, 12 மாதம்னா இஎம்ஐ சுமார் 13,610 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 13,300 ரூபாய்!

தேவை அமைதியும் நண்பர்களும்தான்னா, நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துலயே கல்வராயன் மலை இருக்கு. அடிவாரத்தில் கோமுகி அணை. மலைமேல் கரியாலூர் படகு குழாம், மேகம் அருவி, பெரியார் அருவி. வேன் வாடகையை ஆறாகப் பிரிச்சு, ரெண்டு நாள் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 4,000 ரூபாய் பட்ஜெட் போட்டா, அந்த வட்டிப் பணத்துலயே மூணு பேர் போயிட்டு வந்துடலாம்.

மூணு விதிகளை மறக்காதீங்க:

1. இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா பட்ஜெட் கேளுங்க. அதுல குறைவான தொகைதான் குரூப் பட்ஜெட்.

2. மாசம் 500 ரூபாய் ஆர்டி போடுங்க. எட்டு மாசத்துல 4,000 ரூபாய் ரெடி.

3. மலையில சிக்னல் கிடைக்கலைன்னா யூபிஐ கைகொடுக்காது. கொஞ்சம் ரொக்கம் வச்சுக்குங்க.

கோசோ போகவே கூடாதுன்னு சொல்லலை. சேர்த்துட்டுப் போங்க. கடன் வாங்கிப் போகாதீங்க.