பேருந்து எப்போது வரும்? நேர ஒழுங்கும் வருகை அறிவிப்புப் பலகையும்

ஒரு நகரின் பொருளாதார வாழ்வில் பேருந்துப் போக்குவரத்துக்கு உள்ள இடத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை. எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன, எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன, எவ்வளவு வசூலாகிறது என்பனவற்றுக்கெல்லாம் கணக்கு உண்டு. ஆனால் நிறுத்தத்தில் பயணிகள் காத்து நின்ற நேரம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. கூலித் தொழிலாளியின் அரைநாள் ஊதியமும், மாணவியின் முதல் பாடவேளையும், நோயாளியின் மருத்துவமனைச் சீட்டும் அந்த நேரத்தில்தான் கரைகின்றன. இந்த இழப்பைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாக இன்று பல நகரங்களில் வருகை அறிவிப்புப் பலகைகள் நிறுவப்படுகின்றன. இவை எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதை, அந்தமானின் அபர்டீன் பஜாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

தீவு நகரின் தனித் தேவை

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் வணிக மையம் அபர்டீன் பஜார். மணிக்கூண்டைச் சூழ்ந்த கடைவீதியும், அதையொட்டி மோகன்புராவில் அமைந்த பேருந்து நிலையமும் தெற்கு அந்தமான் மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்கு நடுநாயகமாக விளங்குகின்றன. அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் அரசுப் போக்குவரத்துப் பணியகமும் தனியாரும் இங்குப் பேருந்துகளை இயக்குகின்றனர். வண்டூர், சிடியா டாப்பு போன்ற ஊர்களுக்கும், அந்தமான் பெருவழிச்சாலை வழியே வடக்கே டிக்லிபூர் வரையிலும் செல்வோருக்கு இதுவே புறப்படும் இடம்.

பெருநகரில் ஒரு பேருந்தைத் தவறவிட்டவர் சற்று நேரத்தில் அடுத்ததைப் பிடித்துவிடலாம். தீவில் நிலைமை அவ்வாறன்று. சாத்தம் துறையிலிருந்து பம்பூ பிளாட் செல்லும் படகும், பீனிக்ஸ் விரிகுடாவிலிருந்து பிற தீவுகளுக்குச் செல்லும் கப்பலும் குறித்த நேரத்தில் புறப்படுபவை. ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் கடக்க, ஜிர்காட்டாங்கிலிருந்து வாகனங்கள் குறித்த நேரங்களில் மட்டுமே அணிவகுத்து அனுப்பப்படுகின்றன. பேருந்து பத்து நிமிடம் தாமதமானால் பயணிக்கு இழப்பு பத்து நிமிடமன்று; சில வேளை ஒரு நாளே போய்விடும்.

மற்றொன்றும் உண்டு. இத்தீவுகள் இந்தியத் திட்ட நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகைக்கு மேல் கிழக்கே உள்ளன. எனவே டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் பொழுது சாய்ந்துவிடுகிறது. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இருட்டில்தான் நிறுத்தத்தில் நிற்க வேண்டியுள்ளது. ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், காத்திருத்தல் என்பது பல மாதங்கள் நனைதலுமாகும்.

காத்திருப்பின் கணக்கு

நம்பகம் என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். அரைமணி நேரத்தில் மூன்று பேருந்துகள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வருகின்றன என்று கொள்வோம். நேரம் பாராமல் நிறுத்தத்துக்கு வரும் பயணி சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே மூன்று பேருந்துகள் 5, 5, 20 நிமிட இடைவெளிகளில் வந்தால் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடமாகிறது. நீண்ட இடைவெளியில்தான் மிகுதியான பயணிகள் வந்து சேர்கின்றனர் என்பதே இதற்குக் காரணம். பேருந்து கூடவில்லை, குறையவில்லை. எரிபொருளும் ஊழியரும் முன்போலவே. ஆயினும் பயணியின் காத்திருப்பு ஒன்றரை மடங்காகிவிட்டது.

இந்தச் சீர்கேடு தானே வளரும் இயல்புடையது. சற்றுத் தாமதமான பேருந்துக்கு நிறுத்தத்தில் கூட்டம் சேர்கிறது, ஏற்றி இறக்க நேரமாகிறது, மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பேருந்தோ காலியான நிறுத்தங்களைக் கடந்து அதை எட்டிப் பிடிக்கிறது. வெகுநேரம் ஒன்றும் வராமல், பின்னர் இரண்டு சேர்ந்து வருவதன் காரணம் இதுவே.

மணிக்கு ஒரு பேருந்து ஓடும் தடங்களில் கணக்கு வேறு. அங்குப் பயணி அட்டவணையைப் பார்த்து வருகிறார். ஐந்து நிமிடத் தாமதத்தை அவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் பேருந்து இரண்டு நிமிடம் முன்னதாகப் புறப்பட்டுவிட்டால், அடுத்த பேருந்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆகவே இத்தகைய தடங்களில் தாமதத்தினும் பெரிய குறை முந்திப் புறப்படுதலே.

பலகை இயங்கும் முறை

பேருந்தில் பொருத்தப்படும் கருவி, செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தன் இருப்பிடத்தை அறிந்து, கைப்பேசி வலையமைப்பின் வழியே கட்டுப்பாட்டு அறைக்கு அடிக்கடி தெரிவிக்கிறது. அங்குள்ள கணினி, எஞ்சியுள்ள தொலைவையும் அத்தடத்தில் முன்பு பிடித்த நேரத்தையும் ஒப்பிட்டு, வருகை நேரத்தை மதிப்பிட்டுப் பலகைக்கு அனுப்புகிறது.

லண்டன் நகரில் 1992இல் 18ஆம் எண் தடத்தில் இம்முறை சோதிக்கப்பட்டது. நம் நாட்டில் மைசூரு நகரப் பேருந்துகளில் 2012இல் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாநகரப் பேருந்துகளின் இருப்பிடத்தைக் கைப்பேசியில் காட்டும் செயலி 2022இல் தொடங்கப்பெற்றது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய பேருந்துகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர உதவிப் பொத்தானும் இருத்தல் வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அந்தமானைப் பொறுத்தமட்டில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குமுன் தீவுகளின் தகவல் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. எனவே அடிப்படை வசதி இன்று இல்லை எனக் கூற இயலாது.

பலகையின் பயன் கற்பனையன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கைப்பேசியில் வருகை நேரத்தை அறிந்தவர்கள் தம் காத்திருப்பைச் சராசரியாக ஏழரை நிமிடம் என்றனர். அட்டவணையை மட்டும் நம்பியவர்கள் ஏறத்தாழ பத்து நிமிடம் என்றனர். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் மனத்தின் சுமை குறைகிறது. இடையில் கடைக்குப் போய்வரவும் முடிகிறது.

பலகையால் இயலாதது

எனினும், பலகை பேருந்தை ஓட்டுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தின் வருகையைக் கணிக்கலாம். நிலையத்திலேயே நிற்கும் பேருந்து எப்போது புறப்படும் என்பதைக் கணினி அறியாது. அது அட்டவணை நேரத்தையே காட்டும். ரத்தான நடையைப் பற்றிய செய்தி கட்டுப்பாட்டு அறைக்கு எட்டாவிடில், வராத பேருந்து வருவதாகப் பலகை அறிவித்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று முறை ஏமாந்த பயணி பின்னர் பலகையை ஏறிட்டும் பாரார். பொய் சொல்லும் பலகையினும் பலகையில்லாத நிறுத்தம் மேலானது.

ஆகவே நம்பகத்தின் வேர் புறப்படும் இடத்தில் உள்ளது. இவ்வகையில் அபர்டீன் பஜாருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அது நடுவழி நிறுத்தமன்று, புறப்படும் முனையம். போக்குவரத்து நெரிசலோ மழையோ அங்கிருந்து புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. மாற்றுப் பேருந்தும் ஓட்டுநரும் இருப்பில் இருந்தால் நிர்வாகமே தீர்மானிக்கலாம்.

செய்யத் தக்கவை

முதலாவதாக, அட்டவணை உண்மையான ஓட்ட நேரத்தை ஒட்டி அமைய வேண்டும். ஓட்ட முடியாத அட்டவணையை எவரும் மதியார். இரண்டாவதாக, அரசுப் பேருந்தாயினும் தனியார் பேருந்தாயினும், குறித்த நேரத்துக்கு முன் புறப்படுதல் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். மூன்றாவதாக, படகு, கப்பல், சாலை அணிவகுப்பு ஆகியவற்றின் நேரங்களும் மாற்றங்களும் பேருந்து நேரத்துடன் ஒரே பலகையில் இடம்பெற வேண்டும். நான்காவதாக, 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்ததாகத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதத்தினர். அறிவிப்பு இம்மொழிகளில் அமைவதோடு, எழுத்தறியாதோருக்கும் பார்வையற்றோருக்கும் உதவும் வகையில் ஒலிவடிவிலும் இருத்தல் நன்று. ஐந்தாவதாக, உப்புக்காற்றையும் மழையையும் தாங்கும் கருவியும், அதைப் பராமரிக்க உள்ளூரில் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி சேகரிக்கும் செய்தி பலகையோடு நின்றுவிடலாகாது. லண்டனில் அடிக்கடி ஓடும் தடங்களில் பயணிகள் எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தனர் என்பது அளக்கப்பட்டு, அதன்படியே பேருந்து நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையோ பிடித்தமோ கணக்கிடப்படுகிறது. நம் நிலையங்களிலும், நேரத்தில் புறப்பட்ட நடைகள் நூற்றுக்கு எத்தனை என்ற ஒரே எண்ணை மாதந்தோறும் எழுதி வைக்கலாம். இதற்குச் செலவு மிகக் குறைவு. மின்னணுப் பலகை வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பயணிக்குத் தரப்படும் நேரம் நிர்வாகம் அளிக்கும் வாக்குறுதியாகும். அதை எழுதிக் காட்டுவது பலகையின் வேலை. காப்பாற்றுவது முனையத்தின் வேலை. இரண்டாவது உறுதியாகும் இடத்தில்தான் முதலாவதற்குச் செய்யும் செலவு மக்களுக்குப் பயன்படும்.